ஒரே ரூமில் எல்லா மருந்தும்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை தாண்டி மேற்கே போனால் எங்கள் ஊர். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், அரசு சிமென்ட் ஆலை ஊர். ஆலை 1970-ல் வந்தது. அப்பா அங்கே பேக்கிங் பகுதியில் இருந்தார். என் வயதுக்காரர்களில் ஆலைக்குள் போகாதவர்கள் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று கிழக்கே சிவகாசிக்கோ, நூற்பாலைக்கென்று மேற்கே ராஜபாளையத்துக்கோ போனோம். நான் போனது கம்ப்யூட்டர் வேலைக்கு. ஆனால் சம்பளம் கொடுத்தவர்கள் என்னவோ அதே பட்டாசு, அச்சக முதலாளிகள்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. பட்டாசு என்றால் மருந்து, திரி, குழாய் என்றுதான் நினைப்பார்கள். அதற்குப் பின்னால் எவ்வளவு கணக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பீகாரில் ஒரு ஏஜெண்டு, ஹரியானாவில் ஒரு ஏஜெண்டு, ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புது விலைப்பட்டியல், அதில் நம்ப முடியாத சதவீதத்தில் தள்ளுபடி, தீபாவளி முடிந்தபின் மாதக்கணக்கில் வசூல். போதாததற்கு பீஸ் ரேட் கூலி. ஒருத்தர் எத்தனை குரோஸ் திரி வைத்தார், எத்தனை பெட்டி ஒட்டினார் என்று எண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வைத்தாக வேண்டும். சனிக்கிழமை கூலி தாமதமானால் திங்கட்கிழமை வேனில் ஆள் குறையும்.

நான் அதிக காலம் பார்த்துக்கொண்டது ஒரு பட்டாசு கம்பெனியின் சர்வர்களை. ஆபீஸ் சிவகாசியில், ஃபேக்டரி எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரிசலில். 2012-ல் அந்த ஆபீஸில் மூன்று டவர் சர்வர்கள் இருந்தன. ஒன்றில் பில்லிங், விண்டோஸ் சர்வர் 2003, எஸ்.க்யூ.எல். சர்வர் 2000. ஒன்றில் டேலி. மூன்றாவதில் கூலிக் கணக்கு. அது 1990-களில் ஒருவர் பாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர். எழுதியவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. பாக்ஸ்ப்ரோவுக்கு அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தச் சாஃப்ட்வேர் மட்டும் ஒரு சனிக்கிழமைகூடத் தப்புக் கணக்குப் போட்டதில்லை.

கெட்டுக்கொண்டிருந்தது இரும்புதான். 2012-ன் மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், எங்கள் பக்கம் பாதி நாளுக்கு மேல். யு.பி.எஸ். பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த கட். ஜெனரேட்டர் ஓடும்போது வோல்டேஜ் ஆடும். மூன்று டவரில் ஏதாவது ஒன்று வாரம் தவறாமல் அடம் பிடிக்கும். ஒன்றில் பவர் சப்ளை போகும், இன்னொன்றில் ஹார்ட் டிஸ்க் கரகரக்கும். ஆறேழு வருஷப் பழைய மதர்போர்டுக்கு உதிரிபாகம் தேடி மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அலைந்திருக்கிறேன். புது இரும்பு வாங்கலாம் என்றால், புது இரும்பில் விண்டோஸ் 2003-க்கு டிரைவர் கிடையாது. பழைய சாஃப்ட்வேர் பழைய விண்டோஸை விடாது, பழைய விண்டோஸ் பழைய இரும்பை விடாது.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான் வி.எம்., அதாவது மெய்நிகர் இயந்திரம். ஒரு பெரிய சர்வரில் நேரடியாக விண்டோஸைப் போடாமல், அடியில் ஹைப்பர்வைசர் என்ற மெல்லிய சாஃப்ட்வேர் அடுக்கை முதலில் போடுவது. அது ப்ராசஸர், ரேம், டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் பங்கு பிரித்து, மேலே பல பொய்க் கம்ப்யூட்டர்களைக் காட்டும். உள்ளே ஓடும் விண்டோஸ் 2003 தனக்கென்று ஒரு முழு மெஷின் இருப்பதாகவே நம்பும். அதற்குக் காட்டப்படும் டிஸ்க் கன்ட்ரோலர் பழைய மாடல், நெட்வொர்க் கார்டு பழைய மாடல். அடியில் இருக்கும் நிஜ இரும்பு எந்த வருஷத்ததாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அந்த மெஷினின் மொத்த டிஸ்க்கும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஒரு ஃபைல்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1960-களிலேயே ஐ.பி.எம்.காரர்கள் தங்கள் பெரிய மெயின்ஃப்ரேம்களில் செய்து பார்த்தது. 1972 ஆகஸ்டில் வி.எம்./370 என்று ஊரறிய அறிவித்தேவிட்டார்கள். நாம் மேஜையில் வைத்திருக்கும் இன்டெல் ரக ப்ராசஸர்கள் மட்டும் இதற்கு ஒத்துவராமல் இருந்தன. சில கட்டளைகளை உள்ளே ஓடும் விண்டோஸ் கொடுத்தால், அது அடியில் இருக்கும் ஹைப்பர்வைசருக்குத் தெரியாமல் தப்பிப் போய்விடும், பிடிக்க முடியாது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் கம்பெனி அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி அதைச் சமாளித்தது. 2005-ல் இன்டெல், அடுத்த வருஷம் ஏ.எம்.டி., இதற்கென்றே ப்ராசஸருக்குள் வசதி வைத்தன. 2007-ல் கே.வி.எம். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அதன் பிறகுதான் எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்கள் கையிலும் இது சிக்கியது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். கம்பெனி முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். படிப்பு பத்தாவதோடு சரி. பிரைஸ் லிஸ்டை மனப்பாடமாகச் சொல்வார்.

"மூணு சர்வரும் ஒண்ணாகிரும் அண்ணாச்சி. கரண்டு மிச்சம், ஏ.சி. மிச்சம், யு.பி.எஸ். ஒண்ணு போதும்."

"மூணும் ஒரே பெட்டிக்குள்ளயா?"

"ஆமா. ஆனா தனித்தனிதான். ஒண்ணு தொங்கிப்போனாலும் மத்த ரெண்டும் பாட்டுக்கு ஓடும். ஒண்ணுக்கு வைரஸ் வந்தாலும் மத்ததுக்குள்ள நேரா தாவ முடியாது."

"பெட்டியே போச்சுன்னா?"

பதிலுக்கு நான் ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு, இரட்டைப் பவர் சப்ளை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, எல்லா மருந்தையும் ஒரே ரூமுல வைக்கிறவனுக்கு நாக்பூர்க்காரன் லைசென்சே குடுக்க மாட்டான். நீங்க என்னமோ சுவரு தடிமனா கட்டிருக்கேங்கிறீங்க. நான் கேக்குறது இடைவெளி. இடைவெளி எங்க?"

நாக்பூர்க்காரன் என்றது வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையை, தலைமையகம் அங்கே. பட்டாசு ஃபேக்டரியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். கரிசல் காட்டில் சின்னச் சின்ன ரூம்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே வெறும் நிலம். ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அன்றைக்கு வேண்டிய மருந்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. ரூம் தீப்பிடிக்காது என்று யாரும் அங்கே நினைப்பதில்லை. பிடித்தால் பக்கத்து ரூம் தப்ப வேண்டும், அதற்குத்தான் அந்த வெறும் நிலம். விதியை மீறி ரூமுக்குள் ஆளையும் மருந்தையும் அடைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதை எங்கள் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு தெருவும் சொல்லும். நான் படித்த எந்த விற்பனைக் கையேட்டிலும் இந்தக் கேள்வி இவ்வளவு நேராகக் கேட்கப்பட்டதில்லை. அவற்றில் எல்லாம் நாலு சர்வரை ஒன்றாக்கினால் எவ்வளவு மிச்சம் என்ற கணக்குதான் இருக்கும்.

ஆகவே வாங்கியது இரண்டு பெட்டி. சிவகாசி ஆபீஸுக்கு ஒரு நல்ல சர்வர்: 32 ஜிபி ரேம், நான்கு எஸ்.ஏ.எஸ். டிஸ்க், ரெய்டு 10, பேட்டரி வைத்த கன்ட்ரோலர். ஹைப்பர்வைசர், விஎம்வேரின் இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. அன்றைக்கு இலவசப் பதிப்பு 32 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் ஓடாது. எங்களுக்கு அதுவே தாராளம். இரண்டாவது பெட்டி ஓரளவு சுமாரானது. அதை எங்கே வைப்பது? ஃபேக்டரிக்குள் வைக்க முடியாது, கூடாது. கடைசியில் ஆலங்குளத்தில் எங்கள் வீட்டு மச்சுக்குப் போனது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுக்கு கரண்டு பில்லு யாரு கட்டுவா?" அண்ணாச்சி கட்டினார்.

அந்த இரண்டாவது பெட்டியை முதன்முதலில் ஆன் செய்தபோது வி.எம். எழ மறுத்தது. ப்ராசஸரில் வசதி இருந்தது. ஆனால் அந்த நாளில் பயாஸில் அதை அணைத்து வைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் பலர் அனுப்பினார்கள். எஃப்2 தட்டி, மூன்று மெனு தாண்டி, விர்ச்சுவலைசேஷன் என்று இருக்கும் ஒற்றை வரியை எனேபிள் ஆக்கி, மெஷினை முழுக்க அணைத்து மறுபடி போட வேண்டும். சும்மா ரீஸ்டார்ட் செய்தால் சில போர்டுகள் ஏற்காது. இந்த ஒரு வரி தெரியாமல் நல்ல மெஷினைக் கோளாறு என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டவர்களை ஃபைலாக மாற்றும் வேலையை வெள்ளிக்கிழமை ராத்திரி வைத்துக்கொள்ளாதே என்று எவ்வளவோ சொன்னேன். கூலி சர்வரின் டிஸ்க் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே கிர்ர் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஓடும் மெஷினின் டிஸ்க்கை அப்படியே படித்து வி.எம். ஃபைலாக எழுதும் கன்வெர்ட்டர் என்ற கருவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். நானும் ஆபீஸ் அக்கவுண்டண்ட் ஐயாவும் ஜெனரேட்டர் பையனும். எட்டு மணிக்குக் கரண்டு போனது. ஜெனரேட்டர் ஏறியது. பத்து மணிக்கு டீசல் தீர்ந்துபோகும் என்று பையன் வந்து நின்றான். கேனைத் தூக்கிக்கொண்டு திருத்தங்கல் ரோட்டுப் பெட்ரோல் பங்க்குக்கு ஓடினான். 71 சதவீதத்தில் பார் நகராமல் நின்றது. டிஸ்க்கில் ஏதோ கெட்ட செக்டார். படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு 72 ஆனது.

அதிகாலையில் வி.எம்.மைக் கிளப்பினால் நீலத் திரை. 7பி என்று முடியும் எர்ரர். எதிர்பார்த்ததுதான். உள்ளே இருக்கும் விண்டோஸ் தன் பழைய டிஸ்க் கன்ட்ரோலரைத் தேடுகிறது. நாம் காட்டுவதோ வேறொன்று. அதற்கான டிரைவர் அதனிடம் இல்லை. மெய்நிகர் டிஸ்க்கை ஐ.டி.இ. வகை என்று மாற்றிக் காட்டினேன். அதைத் தெரியாத விண்டோஸ் கிடையாது. எழுந்துவிட்டது. கறுப்புத் திரையில் பாக்ஸ்ப்ரோ மெனுவைப் பார்த்ததும் ஐயா முதலில் பார்த்தது கூலிப் பட்டியலை அல்ல, தேதியை. "தேதி சரியா இருக்கு. அப்ப சரி" என்றார். சனிக்கிழமை கூலி நேரத்துக்குப் போனது. பழைய டவர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஆன் ஆகவில்லை.

உரிமத்தைப் பற்றி யாரும் பேசாத ஊரில் அதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மெஷினோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த மெஷினுக்கு மட்டுமே. ஃபைலாக மாற்றி வேறு பெட்டிக்குக் கொண்டுபோனால் செல்லாது. அந்த வருஷம்தான் வெளிவந்திருந்த சர்வர் 2012 ஸ்டாண்டர்டு உரிமம் ஒன்று வாங்கினால் இரண்டு வி.எம். ஓட்டலாம், பழைய பதிப்பையே ஓட்டிக்கொள்ளும் உரிமையும் உண்டு. மூன்று வி.எம்.முக்கும் வேண்டிய அளவுக்கு அண்ணாச்சி வாங்கினார். "லைசென்ஸ் இல்லாம எதையும் ஓட்டுற தொழில் இல்ல நம்மது" என்றார்.

தினசரி நகல் ஆலங்குளத்துக்குப் போக வேண்டும். இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யில் பேக்கப் சாஃப்ட்வேர்களுக்குக் கதவு சாத்தியிருக்கும். வில்லியம் லாம் என்பவர் எழுதி இலவசமாக வெளியிட்டிருந்த கெட்டோவிசிபி என்ற ஸ்கிரிப்ட்தான் கைகொடுத்தது. ராத்திரி அது ஓடும் வி.எம்.மை ஒரு கணம் உறையவைத்து, டிஸ்க் ஃபைலை ஓரமாக இருக்கும் லினக்ஸ் பெட்டிக்கு நகலெடுக்கும். அதை ஆலங்குளத்துக்கு அனுப்ப ஆபீஸில் இருந்த பிராட்பேண்டில் மேலேற்றும் வேகம் விநாடிக்கு 512 கிலோபிட். 40 ஜிபி ஃபைல் ஏற ஏழு நாளுக்கு மேல் ஆகும். அதனால் ஹார்ட் டிஸ்க் வேனில் போனது. எங்கள் ஊரிலிருந்து ஆபீஸுக்கு வரும் டெஸ்பாட்ச் பையன், சாயங்காலம் காலி டிபன் டப்பாவோடு மஞ்சப்பையில் ஒரு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துப்போவான். காலையில் முந்தின நாள் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவருவான். ஒரு நாள் ரசம் கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு டப்பாவில் ரசம் வைப்பதில்லை என்று அவன் வீட்டில் முடிவெடுத்தார்கள்.

2014 ஐப்பசி. தீபாவளி முடிந்து வசூல் ஸ்டேட்மென்ட் அனுப்பும் காலம். எங்கள் பக்கத்தில் இடி மின்னல் தெரிந்தாலே ஃபேக்டரியில் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். ரூம்களுக்கு இடிதாங்கியும் உண்டு. ஆபீஸுக்கு அந்தக் கவனம் இல்லை. ஒரு சாயங்காலம் விழுந்த மின்னல் டெலிபோன் கம்பி வழியாக வந்தது. மோடம், அதிலிருந்து நெட்வொர்க் ஸ்விட்ச், அதிலிருந்து கேபிள் வழியாக சர்வரின் நெட்வொர்க் போர்ட், மதர்போர்டு, ரெய்டு கார்டு. கருகிய வாசனை மட்டும்தான் மிச்சம். யு.பி.எஸ். கம்பீரமாக 230 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. கரண்டு கம்பி வழியாக எதுவும் வரவில்லையே. உள்ளே இருந்த மூன்று வி.எம்.மும் ஒன்றிடமிருந்து ஒன்று எவ்வளவு நன்றாகப் பிரிந்திருந்தன என்பது அந்த நிமிஷத்தில் யாருக்கும் பிரயோஜனப்படவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் போயின.

அண்ணாச்சி அந்தப் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. "மச்சு எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

மச்சில் முந்தின நாள் ராத்திரி நகல் இருந்தது. ஆலங்குளம் வந்து, மூன்று ஃபைலையும் பதிவு செய்து, ஒவ்வொன்றாகக் கிளப்பினேன். கூலிக் கணக்கு வந்தது. டேலி வந்தது. பில்லிங் வந்து, திறக்கும்போது நின்றுவிட்டது: டாங்கிள் காணவில்லை. அந்த சாஃப்ட்வேர் திருட்டுப் பயத்துக்காக ஒரு யு.எஸ்.பி. பூட்டோடு வரும். கட்டைவிரல் அளவு, பச்சை நிறம். அது சிவகாசியில் செத்துப்போன சர்வரின் முதுகில் செருகியபடி இருந்தது. மொத்தக் கம்பெனியையும் ஃபைலாக்கி மஞ்சப்பையில் கொண்டுவந்துவிட்டோம். இந்தப் பிளாஸ்டிக் துண்டை மட்டும் ஒருவர் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, கொட்டும் மழையில் வெம்பக்கோட்டை வழியாக பைக்கில் கொண்டுவர வேண்டியிருந்தது. நல்லவேளை, மின்னல் அதைத் தொடவில்லை. ஹைப்பர்வைசரில் அந்த யு.எஸ்.பி.யை நேராக வி.எம்.முக்குள் காட்டும் வசதி உண்டு. செருகினேன், காட்டினேன், திறந்தது.

இடையில் போன ஒரு நாள் பில்களைக் கார்பன் காப்பியைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். அக்கவுண்டண்ட் ஐயா கார்பன் காப்பியை ஒருநாளும் விடவில்லை. அதற்காக நான் அவரைக் கேலி செய்ததும் உண்டு. சில வாரம் கம்பெனியே எங்கள் மச்சிலிருந்து ஓடியது. ஆபீஸ் ஆட்கள் சிலர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஸ்டேட்மென்ட் அடித்தார்கள். அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தே அலுத்துப்போனாள். சிவகாசி சர்வருக்கு மாற்று ரெய்டு கார்டு ஆர்டர் போட்டபோது, நான்தான் பெறுவேன் என்று வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தோம். கூரியர்காரர்கள் அதை 627-ல் தொடங்கும் பின்கோடு உள்ள ஆலங்குளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நமக்கு 626. அங்கே போய்க் கேட்டதற்கு, "ஏற்கனவே உங்க ஊர்ப் பொண்ணு கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒண்ணும் இங்கதான் கெடக்கு, அதையும் எடுத்துட்டுப் போங்க" என்றார்கள்.

மச்சில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்: ஆடிக்காற்றில் பறக்கும் கரிசல் புழுதி. சர்வர் விசிறியில் அது மாவு போலப் படிந்து, ஈரம் பட்டால் இறுகிவிடும். மாதம் ஒரு தடவை திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். ஏ.சி. ரூமில் வளர்ந்த இன்ஜினியர்கள் இதற்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதவில்லை.

2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. பட்டாசுக்கு 28 சதவீதம். பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தந்தவர்கள் வாரத்துக்கு வாரம் அப்டேட் போட்டார்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் அவர்கள் ஆள் ஒருவர் வி.எம்.முக்கு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டார். நல்ல பழக்கம்தான், அப்டேட் சொதப்பினால் ஒரே க்ளிக்கில் பழைய நிலைக்குப் போகலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் என்பது நகல் அல்ல. அது எடுத்த நிமிஷத்திலிருந்து மூல டிஸ்க் ஃபைல் உறைந்துவிடும். அதன்பின் எழுதப்படும் ஒவ்வொன்றும் தனி ஃபைலில் சேரும். அதை முடித்து மூலத்தோடு சேர்க்காவிட்டால் அந்தத் தனி ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். அவர் எடுத்தார், ஒன்றையும் முடிக்கவில்லை. அக்டோபர் 18 தீபாவளி. அதற்கு முந்தின வாரம், லாரிகள் வாசலில் நிற்கும்போது, டிஸ்க் முழுதாக நிறைந்து, பில்லிங் வி.எம். அப்படியே உறைந்து நின்றது. எழுத ஒரு பைட் இடமில்லை. ஸ்னாப்ஷாட்டை முடித்து ஒட்டவும் கொஞ்சம் காலி இடம் வேண்டும், அந்த இடமும் இல்லை. டேலி வி.எம்.மை அணைத்து, அதை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி, கிடைத்த இடத்தில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாக ஒட்டவைத்தோம். ராத்திரி முழுக்க ஆனது. லாரிகளுக்குக் கையெழுத்துப் பில் கொடுத்து அனுப்பினார் அண்ணாச்சி. அந்த வருஷம் நவம்பரில், தீபாவளி முடிந்து போனபின், 28-ஐ 18 ஆகக் குறைத்தார்கள். அதற்கும் ஒரு அப்டேட். இந்தத் தடவை ஸ்னாப்ஷாட் எடுக்க என் அனுமதி வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சரவெடிக்குத் தடை, பேரியத்துக்குத் தடை. ஐட்டம் மாஸ்டரில் எத்தனையோ ரகங்களை முடக்கிவைத்தோம். ஃபேக்டரி மூடல், பேச்சுவார்த்தை, பசுமைப் பட்டாசு என்று அது தனிக் கதை. என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த ஃபேக்டரிகளிலேயே இருக்கிறார்கள்.

ஃபைபர் ஊருக்கு வந்தபின் மஞ்சப்பை ஓய்ந்தது. மாறிய பகுதியை மட்டும் ராத்திரி அனுப்பினால் விடிவதற்குள் மச்சுக்கு வந்துவிடுகிறது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. வாங்கிய கையோடு ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை நிறுத்தி, வருஷச் சந்தா என்றார்கள். 2024 தொடக்கத்தில் இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ.யும் போனது. அடுத்த வருஷம் மறுபடி தந்தார்கள். அதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். வியன்னாவில் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற லினக்ஸ் ஹைப்பர்வைசருக்கு, அடியில் அதே கே.வி.எம். டிஸ்க் ஃபைலின் வகையை மாற்ற ஒரு கட்டளை, நெட்வொர்க் டிரைவர் மாற்ற ஒரு ராத்திரி. சென்னையில் என் நண்பர்கள் சிலர் நூற்றுக்கணக்கான வி.எம்.களோடு இதே வேலையில் மாதக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோய்விடலாமே என்று அண்ணாச்சியின் மகன் கேட்டார். பில்லிங்கைக் கொண்டுபோனோம். பாக்ஸ்ப்ரோவை எந்தக் கிளவுடுக்காரரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. அது ஓடுவது 2015 ஜூலையோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 2003-ல். வெளி நெட்வொர்க்கை அது கண்ணால் பார்க்கக் கூடாது.

கூலிக் கணக்கு புது சாஃப்ட்வேருக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பழைய வி.எம். ஃபைலை அழிக்கவில்லை. மாதம் இரண்டு தடவையாவது அதைக் கிளப்புகிறோம். காரணம் பி.எஃப். 2014-ல் யு.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். எண் வருவதற்கு முன்னால் வேலை பார்த்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எந்த எண்ணில் எவ்வளவு காலம் பிடித்தார்கள் என்பதே தெரியாது. பத்து வருஷ சர்வீஸ் காட்டினால்தான் ஓய்வூதியம்.

போன தை மாதம் ஓர் அம்மா வந்திருந்தார். கல்லமநாயக்கன்பட்டிப் பக்கம். கையில் மடிந்து கிழிந்த டோக்கன் அட்டை. பாக்ஸ்ப்ரோவில் பெயருக்கு இருபது ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். யார் எப்படி அடித்தார்களோ, அவர் பெயரைத் தேடினால் வரவில்லை. டோக்கன் எண்ணைப் போட்டால் வேறு யாரோ வந்தார். எண்களைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடைசியில் கணவர் பெயரை வைத்துத் தேடியதும் வந்தது. 1997-லிருந்து 2009 வரை வரிசையாக மாதங்கள், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் வெற்று.

"இங்க மட்டும் ஏன் இல்லம்மா?"

"எம்புள்ள பொறந்தா அப்ப. அதுக்கு முன்னயும் பின்னயும் சேத்து வருமா சார்?"

சேர்த்தே பத்துக்கு மேல் வந்தது. பிரிண்ட் எடுத்து, ஃபேக்டரி மேனேஜர் கையெழுத்தும் சீலும் வாங்கிக் கொடுத்தோம். அவருக்குத் துணையாக வந்திருந்த இன்னொருவரும் முந்தானையிலிருந்து ஒரு அட்டையை அவிழ்த்து நீட்டினார். அது வேறொரு கம்பெனி டோக்கன். அந்தக் கம்பெனி மூடியபோது சர்வர், மானிட்டர், பீரோ எல்லாம் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போனது எனக்குத் தெரியும். எடுக்க ஆள் வந்த அன்று நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன். மதுரை பி.எஃப். அலுவலகத்தில் அந்தக் காலத்து வருடாந்திர 3ஏ படிவங்கள் இருக்கும், கம்பெனி கோடு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கோடு எண் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அந்தக் கம்பெனியின் பழைய போர்மேன் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வழி சொன்னேன்.